நல்ல தண்ணி விலைக்கு வாங்குற ஊர்ல பிள்ளைக்குத் துணியா, மூங்கில் டயப்பரா?

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்துலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. எட்டாம் மாசம், தலைப்பிரசவம், மாப்பிள்ளை துபாய்ல. மாமி "நாலு பிள்ளையும் பழந்துணியில தான் வளந்துச்சு, எதுக்கு வீண் செலவு"ங்குறாங்க. சென்னையில இருக்குற மாப்பிள்ளையோட அக்கா "சாதா டயப்பர் கடலுக்குக் கேடு, மூங்கில்ல செஞ்ச இகோ டயப்பர் வாங்கு, தூக்கிப்போட்டா மக்கிப்போயிரும்"னு லிங்க்கா அனுப்பிட்டிருக்காங்க. வீட்டுல போர் தண்ணி உப்பு, நல்ல தண்ணி வண்டியில வர்றது, குடம் கணக்கு. "துணின்னா துவைக்கிற தண்ணிக்கு எங்கக்கா போவேன், டயப்பர்னா மனசு ஒப்பல, எது சரின்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, நான் மண்டபம் உச்சிப்புளி பக்கம் 20 வருஷத்துக்கு மேல கிராம சுகாதார செவிலியரா வேலை பார்த்தவ, ஊசி போடுற பெட்டியத் தூக்கிட்டு நான் ஏறாத வீடு கம்மி, இப்ப எனக்கே ரெண்டு பேரப்பிள்ளைங்க இருக்கு. அதனால பதிலை முதல்லயே சொல்லிடுறேன், காரணத்தைப் பொறுமையா கீழ படிங்க. பகல்ல மெல்லிசான பருத்தித் துணி. ராத்திரிக்கு ஒண்ணும், வெளியூர் போறப்பவும் மட்டும் வாசனை போடாத சாதா டயப்பர். மூங்கில் டயப்பருக்குக் கூடுதலா குடுக்கப்போற காசை நல்ல தண்ணி ஒரு குடம் சேத்து வாங்குறதுக்குக் குடுங்க. நம்ம கரைக்கு இதுதான் ஒத்துவரும்.

முதல்ல அந்த "மக்கிப்போயிரும்"ங்குற பேச்சைப் பாத்துருவோம், ஏன்னா நிறைய பேரு நல்ல மனசோட இதுல தான் ஏமாந்து போறாங்க. ஒரு சாதா டயப்பரைப் பிரிச்சுப் பாத்தா மூணு அடுக்கு இருக்கும். தோல்ல படுறது பாலிப்ரொப்பிலீன் துணி மாதிரி ஒண்ணு, நடுவுல மரக்கூழும் அதுல கலந்த வெள்ளை குருணையும், வெளியில பாலித்தீன் ஷீட்டு. அந்தக் குருணை சோடியம் பாலிஅக்ரிலேட், வெறும் தண்ணின்னா தன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல உறிஞ்சி ஜெல்லா ஆகும், மூத்திரத்துல உப்பு இருக்குறதால அதைவிட ரொம்பக் குறைவா உறிஞ்சும், ஆனாலும் ஒரு ராத்திரிக்குத் தாங்கும். மூங்கில் டயப்பர்ல என்ன மாறுதுன்னா பெரும்பாலும் தோல்ல படுற மேல் அடுக்கு மூங்கில் கூழைக் கரைச்சு இழுத்த விஸ்கோஸ் நூலா இருக்கும், சிலதுல வெளி ஷீட்டு சோளமாவுலேர்ந்து எடுத்த பி.எல்.ஏ பிளாஸ்டிக்கா இருக்கும், கூழை வெளுக்க குளோரின் போட்டிருக்க மாட்டாங்க. இதெல்லாம் நல்ல விஷயம் தான், இல்லன்னு சொல்லல. ஆனா உள்ள இருக்குற ஜெல் குருணை, இடுப்பு எலாஸ்டிக், ஒட்டுற டேப்பு, பசை, இதெல்லாம் அநேகமா அதே தான்.

அந்த பி.எல்.ஏ மக்கணும்னா 55, 60 டிகிரி சூடு விடாம இருக்குற பெரிய உரத் தொழிற்சாலை வேணும். நம்ம வீட்டுக் கொல்லையில சாணிக்குழியில போட்டா மக்காது, பீயோட இருக்குறதை அப்படிப் போடவும் கூடாது, அந்த உரத்துல கிருமி சாகாம அப்படியே இருக்கும். குப்பைமேட்டுல புதைஞ்சு காத்து போகாம கிடந்தா மக்குற கூழும் மீத்தேன் வாயுவா தான் வெளிய வரும். கடல்ல கிடந்தாலும் பி.எல்.ஏ அவ்வளவு சீக்கிரம் கரையாது. பாக்கெட்டுல "கம்போஸ்டபிள்"னு போட்டிருந்தா ஐ.எஸ்/ஐ.எஸ்.ஓ 17088ங்குற தரக்குறியீடு இருக்கான்னு பாருங்க, நம்ம நாட்டுல மக்கும் பிளாஸ்டிக்குக்கு அது தான் அளவு. அது இருந்தாலும் அந்தச் சூட்டுல மக்க வைக்கிற ஆலைக்கு உங்க டயப்பர் போகணும்ல? உங்க ஊர் குப்பை வண்டி அதை எங்க கொண்டுபோகுதுன்னு ஒரு நாள் பின்னாடியே நடந்து போய்ப் பாருங்க, பதில் தெரிஞ்சிரும்.

நான் பாத்ததைச் சொல்றேன். நம்ம பக்கம் டயப்பர் போற இடம் நாலு தான். ஒண்ணு, கருவக்காட்டு ஓரம், நாய் இழுத்துட்டு வந்து தெருவுல பிரிச்சுப் போட்டுரும். ரெண்டாவது, ஊருணிக்கரை, கண்மாய்க்கரை. மூணாவது, நெருப்பு, அந்தப் புகை தொட்டில்ல கிடக்குற பிள்ளை மூக்குல தான் முதல்ல ஏறும். நாலாவது, கடல். கரைவலை இழுக்குறவங்களைக் கேளுங்க, ஊதிப்போன டயப்பர் வலையில வர்றது அவங்களுக்குப் புதுசு இல்ல. நம்ம மன்னார் வளைகுடாவுல 21 தீவு, 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, 1989ல உயிர்க்கோளக் காப்பகம்னாங்க, ஆவுளியா, அதான் கடல்பசு, மேயுற கடல்புல்லு நம்ம கரையிலேர்ந்து கண்ணுக்கெட்டுற தூரத்துல இருக்கு, அந்தப் புல்லு மேல தான் இது போய்ப் படியுது. மூங்கில் டயப்பரும் சாதா டயப்பரும் அங்க போயிட்டா எனக்கு ஒண்ணு தான். 2019 ஜனவரி 1லேர்ந்து நம்ம மாநிலத்துல ஒரு தடவை தூக்கிப்போடுற 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துச்சு, டயப்பர் அந்தப் பட்டியல்ல இல்ல, அதனால யாரும் கேக்கமாட்டாங்க, நாம தான் கேட்டுக்கணும்.

அஞ்சாவதா ஒரு இடம் இருக்கு, அது தான் எனக்கு ரொம்ப பயம். புதைக்கிறது. "சுத்தமா இருக்கட்டும்னு மணல்ல குழி தோண்டிப் புதைச்சிடுறோம் அக்கா"ன்னு பெருமையா சொல்லுவாங்க. நம்ம கரையில மணலுக்குள்ள மழைத்தண்ணி மெல்லிசா ஒரு ஏடு மாதிரி உப்புத்தண்ணி மேல மிதந்துட்டு நிக்குது, நல்ல தண்ணி எடை கம்மி, உப்புத்தண்ணி எடை ஜாஸ்தி, அதனால. அந்த ஏட்டைத் தோண்டித்தான் நம்ம பொம்பளைங்க ஊத்து எடுக்குறாங்க, ரெண்டு மூணு ஆள் மட்டம் கூட இல்ல, சில இடத்துல முழங்கை ஆழத்துலயே ஊறும், சிரட்டையில மொண்டு மொண்டு குடத்துல ஊத்துறது. அதே மணல்ல பீ டயப்பரைப் புதைச்சா, மணல்ல அழுக்கு எவ்வளவு வேகமா இறங்கும்னு யோசிச்சுப் பாருங்க. பீத்துணி அலசுன தண்ணிய ஊத்துக்குப் பக்கத்துல கொட்டுனாலும் இதே கதை தான், அதனால துணி கட்டுறவங்க "நாங்க இயற்கை, நாங்க சுத்தம்"னு நெனச்சுக்க முடியாது. பால் குடிக்கிற பிள்ளை பீயில ஒண்ணும் இல்லன்னு ஒரு நம்பிக்கை நம்ம ஊர்ல உண்டு, அது சரியில்ல. ரோட்டா வைரஸ் மாதிரி வயித்துப்போக்குக் கிருமியெல்லாம் சின்னப்பிள்ளை மலத்துல தான் ஜாஸ்தி பரவும். 2017லேர்ந்து நம்ம மாநிலத்துல 6, 10, 14 வாரத்துல வாய்ல சொட்டு மருந்தா ரோட்டா குடுக்குறோமே, அது சும்மா இல்ல. அதனால துணியோ டயப்பரோ எதுவா இருந்தாலும் பீ கக்கூசுக்குள்ள போகணும். டயப்பர்ல இருந்தாலும் தட்டி கக்கூஸ்ல விட்டுட்டு, டயப்பரை மட்டும் சுருட்டி பேப்பர்ல பொதிஞ்சு, குப்பை வண்டிக்காரங்ககிட்ட தனியா குடுங்க. 2016ல வந்த திடக்கழிவு விதியிலயே டயப்பரைப் பொதிஞ்சு மக்காத குப்பையில தான் போடணும்னு இருந்துச்சு, கம்பெனிக்காரன் அதுக்கு உறையும் குடுக்கணும்னு இருந்துச்சு. பேப்பர் மேல சிவப்பு பேனாவுல ஒரு குறி போட்டுட்டா போதும், தூய்மைக் காவலர் அம்மாங்க ஷெட்டுல உக்காந்து கையால பிரிக்கிறாங்க, தெரியாம பிரிச்சு அவங்க கையில பீ பட வேண்டாம்ல. டயப்பரை மட்டும் கக்கூசுக்குள்ள போட்டுறாதீங்க, செப்டிக் டேங்க் அடைச்சு நீங்க தான் அவதிப்படுவீங்க.

சரி, "துணின்னா தண்ணி ஜாஸ்தி செலவாகுமே, அதுவும் சுற்றுச்சூழலுக்குக் கேடு தானே"ன்னு ஒரு வாதம் உங்க மாப்பிள்ளையோட அக்கா வைப்பாங்க. அந்த வாதத்துக்கு ஆதாரமா காட்டுறது என்னன்னா, 2008ல இங்கிலாந்து சுற்றுச்சூழல் ஏஜென்சி ஒரு கணக்கு வெளியிட்டாங்க, ஒரு பிள்ளைக்கு ரெண்டரை வருஷத்துக்கு டிஸ்போசபிள்னா 550 கிலோ கார்பன், துணின்னா 570 கிலோ, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுன்னு. ஆனா அது அவங்க ஊர் வழக்கப்படி வெந்நியில மெஷின்ல துவைச்சு, கொஞ்சம் டிரையர்லயும் காயவச்ச கணக்கு. அதே அறிக்கையிலயே வெளியில கொடியில காயப்போட்டு, மெஷினை நிறைச்சு ஓட்டி, அதே துணிய ரெண்டாவது பிள்ளைக்கும் போட்டா துணியோட கணக்கு 40 சதவீதம் குறையும்னும் இருக்கு. அப்புறம் 2023ல அவங்க அரசாங்கமே புதுசா கணக்குப் போட்டு துணி 25 சதவீதம் கம்மின்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல யாரு வெந்நியில துவைக்கிறா, யாரு வீட்டுல டிரையர் இருக்கு? பச்சைத்தண்ணி, கை, வெயில், அவ்வளவு தான். கரண்டு கணக்குல நம்மள யாரும் குத்தம் சொல்ல முடியாது. நமக்குப் பிரச்சினை வேற, தண்ணி.

அதனால துவைக்கிற விதத்தை விலாவாரியா சொல்றேன், இதுல தான் எல்லாமே இருக்கு. நம்ம போர் தண்ணியில ரெண்டு கோளாறு உண்டு, ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிறோம். ஒண்ணு உப்பு, இன்னொண்ணு சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தியா இருக்குறது. சுண்ணாம்பு இருந்தா சோப்புக்கட்டி நுரைக்காது, நுரைக்குப் பதிலா பிசுபிசுன்னு ஒரு ஆடை துணியில ஒட்டிக்கும், அது காஞ்சா துணி அட்டை மாதிரி விறைச்சுக்கும், மூத்திரத்தை உறிஞ்சாம வழியவிடும், பிள்ளை தொடையெல்லாம் உரசி சிவந்துபோகும். அதனால சோப்புக்கட்டி வேண்டாம், வாசனை கம்மியான சலவைப் பவுடர் கொஞ்சமா போடுங்க, அது இந்தத் தண்ணியிலயும் வேலை செய்யும். கம்ஃபர்ட் மாதிரி துணி மெத்துன்னு ஆக்குற லிக்விட் எதுவும் கூடாது, மேல ஒரு படலம் படிஞ்சு உறிஞ்சுறது நின்னுடும். ஆன்டிசெப்டிக் லிக்விடை மூடி மூடியா ஊத்துறதும் தேவையில்ல, அது சரியா அலசாம துணியில நின்னா தான் தோல் எரியும்.

உப்பு இருக்கே, அது வேற மாதிரி. கடைசி அலசலும் உப்புத்தண்ணியா போயிட்டா துணி மத்தியானம் மொறுமொறுன்னு காஞ்சிருக்கும், சாயங்காலம் கடக்காத்து வந்ததும் தொட்டா ஈரமா பிசுக்குன்னு இருக்கும், ஏன்னா துணியில நிக்குற உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுத்துக்குது. அந்தத் துணிய கட்டுனா பிள்ளை கட்டும்போதே நனைஞ்ச மாதிரி தான். அதனால முதல் அலசல் உப்புத்தண்ணி, பவுடர் போட்டுத் துவைக்கிறது உப்புத்தண்ணி, ஒரு தடவை அலசுறதும் உப்புத்தண்ணி, அதுல நல்லா முறுக்கிப் பிழிஞ்சிட்டு, கடைசி ரெண்டு அலசல் மட்டும் நல்ல தண்ணி, அரை அரை வாளி. மெல்லிசு துணியா இருந்தா 12 துணிக்கு ஒரு குடம் போதும், நான் என் பேரனுக்கு அப்படித்தான் செஞ்சேன், ஒரு குடம்னா ஒரு குடம் தான், அதுக்கு மேல போகல. அந்தக் கடைசி அலசுன தண்ணியக் கீழ ஊத்தாம வச்சிருந்தா மறுநாள் முதல் அலசலுக்கு ஆகும், இல்லன்னா கக்கூசுக்கு ஆகும். ஆனா வாளியில தண்ணிய வச்சா மூடி போட்டு உயரத்துல வைங்க, வீட்டுல தவழுற பிள்ளை இருந்தா அரை வாளித் தண்ணி போதும் உசுரு போறதுக்கு, இதை நான் வேலையில கண்ணால பாத்திருக்கேன், அதுக்கு மேல எழுத முடியல.

இதனால தான் கடையில விக்கிற பாக்கெட் வச்ச புது மாடல் துணி டயப்பரை நம்ம பக்கத்துக்கு நான் அவ்வளவா சொல்றதில்ல. பாக்க அழகா பூப்போட்டு இருக்கும், வெளியில தண்ணி விடாத லேமினேஷன் துணி, உள்ள தடியா மைக்ரோஃபைபர் பேடு. தண்ணி தாராளமா இருக்குற ஊருக்கு அது சௌகரியம். நம்ம தண்ணியில அந்தத் தடி பேடுலேர்ந்து உப்பையும் பவுடரையும் வெளிய எடுக்க மூணு குடம் வேணும், ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்தும் மழையுமா இருக்குறப்ப ரெண்டு நாளானாலும் காயாது, காயலன்னா நாறும். ஒத்தை அடுக்கு, ரெட்டை அடுக்கு பருத்தித் துணின்னா வெயில்ல முக்கால் மணி நேரத்துல காஞ்சிரும், மழைக்காலத்துல ஃபேனுக்கு அடியில கூட காஞ்சிரும். விசேஷத்துக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக ரெண்டே ரெண்டு மேல் கவர் வாங்கி வச்சுக்கோங்க, உள்ள உங்க பருத்தித் துணியவே மடிச்சு வச்சா போதும்.

காயப்போடுறதுல நம்ம ஊருக்குன்னு ஒண்ணு. ஆனி ஆடியில கச்சான் காத்து அடிக்கிறப்ப கொடியில போட்ட துணியில பொடிமணல் ஏறி உக்காந்துரும், கண்ணுக்குத் தெரியாது, பிள்ளை தொடை இடுக்குல உரசிப் புண்ணாக்கிரும். அந்த ரெண்டு மாசம் சுவருக்கு மறைவுல, காத்துக்கு முதுகு காட்டி காயப்போட்டு, எடுக்குறப்ப நல்லா உதறி, உள்பக்கத்தைக் கையால தடவிப் பாத்துட்டுத்தான் கட்டணும். வெயிலை மட்டும் குறைச்சு நெனச்சுராதீங்க, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையோட மஞ்சக்கறை எந்தப் பவுடருக்கும் போகாது, ஈரமா வெயில்ல போட்டா தானா வெளுத்துப்போயிரும்.

தண்ணிய மிச்சம் பண்ண இதெல்லாத்தையும் விட பெரிய வழி ஒண்ணு உங்க மாமிக்குத் தெரியும், கேளுங்க. கால்ல உக்கார வைக்கிறது. பெரியவங்க கால நீட்டி உக்காந்து, ரெண்டு பாதத்துக்கு நடுவுல பிள்ளைய உக்கார வச்சு, முதுகைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் குடுப்பாங்க. தூங்கி எந்திரிச்சதும் ஒரு தடவை, பால் குடிச்சு கொஞ்ச நேரத்துல ஒரு தடவை. கழுத்து நின்ன பிறகு, மூணாவது நாலாவது மாசத்துலேர்ந்து இதைப் பழக்குன வீடுகள்ல பகல்ல பீத்துணியே விழாம போன நாளெல்லாம் நான் பாத்திருக்கேன். பீ நேரா கழுவுற இடத்துக்குப் போயிரும், துணியில மூத்திரம் மட்டும் தான், அதை அலசுறது எவ்வளவு சுலபம். வெளிநாட்டுக்காரங்க இப்ப இதுக்குப் புதுப்பேரு வச்சு வகுப்பெடுக்குறாங்க, நம்ம கடல்பாசி எடுக்கப் போற பொம்பளைங்க வீட்டுல ஆத்தாக்காரங்க இதைக் காலங்காலமா செஞ்சுட்டிருக்காங்க. பிள்ளைய வற்புறுத்தக் கூடாது, அழுதா விட்டுறணும், அவ்வளவு தான்.

உங்க மாமி துணின்னு சொல்றாங்களே தவிர தொழுகைப் பாய்ல, உடுப்புல மூத்திரம் பட்டுருமேன்னு அவங்களுக்கும் உள்ளுக்குள்ள கவலை இருக்கும். நான் மார்க்கம் சொல்ற ஆள் இல்ல, ஆனா கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகள்ல பெரியம்மாக்கள் சொல்லிக் கேட்டது என்னன்னா, ஷாஃபி மத்ஹப்ல, அதாவது இங்க நிறைய பேரு பின்பத்துற மார்க்கச் சட்டப் பிரிவுல, பால் மட்டும் குடிக்கிற ஆண் பிள்ளையோட மூத்திரம்னா அந்த இடத்துல தண்ணி தெளிச்சா போதும், பொம்பளப் பிள்ளைன்னா கழுவணும், மலம்னா ரெண்டுக்கும் கழுவணும்ங்குறது. உங்க பள்ளி ஆலிம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. தொழுகைக்குத் தனியா ஒரு மேல்துணி ஆணியில மாட்டி வச்சுக்கிட்டு, பிள்ளைய இடுப்புல வச்சிருக்குறப்ப ஒரு ரப்பர் ஷீட்டு மேல துணிய விரிச்சு அணைச்சுக்கிட்டா பாதிப் பிரச்சினை தீந்துரும். அந்த ரப்பர் ஷீட்டை மட்டும் சேலைத் தொட்டிலுக்குள்ள போடாதீங்க, சுருண்டு பிள்ளை மூஞ்சிய மூடிரும்.

டயப்பர் வேண்டாம்னு நான் சண்டை போடல, கவனிங்க. ராத்திரியில அஞ்சு தடவை துணி நனைஞ்சு அஞ்சு தடவை எந்திரிச்சா பெத்தவ உடம்பு என்னத்துக்கு ஆகும்? பச்ச உடம்புக்காரி தூங்கணும், தூங்குனா தான் பால் நல்லா ஊறும். ராத்திரி படுக்குறப்ப ஒண்ணு கட்டுங்க, வெளுக்குறப்ப கழட்டுங்க, நடுவுல பீ போனா உடனே மாத்தணும், அது மட்டும் கண்டிஷன். சேது எக்ஸ்பிரஸ்ல சென்னைக்குப் போறீங்களா, மதுரைக்கு பஸ்ல போறீங்களா, தாராளமா கட்டுங்க. வயித்துப்போக்கு வந்த நாள்லயும் கட்டலாம், ஆனா எத்தனை தடவை போனான்னு எண்ணிட்டே இருக்கணும். பகல்ல மூணு மணி நேரத்துக்கு மேல ஒரே டயப்பர் வேண்டாம், "12 மணி நேரம்"னு பாக்கெட்டுல போட்டிருக்குறது உறிஞ்சுற கணக்கு, பிள்ளை தோலோட கணக்கு இல்ல.

முதல் வாரம் மட்டும் நான் கண்டிப்பா துணின்னு சொல்லுவேன், அதுக்கு ஒரே காரணம் மூத்திரம் எண்ணுறது. பிறந்து அஞ்சாறு நாள்ல பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகணும், போனா தாய்ப்பால் போதுது, குறைஞ்சா போதல, உடனே காட்டணும். டயப்பர் கட்டுனா நாலு தடவையா ஏழு தடவையான்னு எண்ண முடியாது. "பால் போதலையோ"ன்னு பயந்து பால்பவுடர் டப்பா வாங்குன எத்தனையோ வீட்டுல நான் உக்காந்து நனைஞ்ச துணிய எண்ணிக் காட்டித்தான் தாய்க்கு தைரியம் குடுத்தேன். முதல் ரெண்டு நாள் தாரு மாதிரி கறுப்பா போகும், அது துணியில ஒட்டுனா கிளம்பாது, அதுக்கு மட்டும் தூக்கிப்போடுற கிழிசல் துணியா வச்சுக்கோங்க, பிள்ளை அடியில லேசா தேங்காண்ணெய் தடவி வச்சா துடைக்க சுலபம். துணி எப்பவும் தொப்புளுக்குக் கீழ கட்டணும், தொப்புள்கொடி காத்தாட இருக்கணும், அது மேல எதையும் போடக்கூடாது. காலை இழுத்து நேராக்கி இறுக்கிக் கட்டாதீங்க, தவளை மாதிரி அகட்டி வச்சிருக்குறது தான் இடுப்பெலும்புக்கு நல்லது.

சிவந்து போனா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. ஈரமும் பீயும் தோல்ல ரொம்ப நேரம் நிக்குறது தான் காரணம், துணியிலயும் வரும் டயப்பர்லயும் வரும். வெறும் தண்ணியில கழுவி ஒத்தி எடுத்து, ஒண்ணும் கட்டாம அரை மணி நேரம் காத்தாட விடுங்க, சித்திரை வைகாசிப் புழுக்கத்துல வேர்க்குருவும் சேந்துக்கும், அப்ப டயப்பரை முழுசா நிறுத்திருங்க. ஜிங்க் ஆக்சைடு கிரீம் போடலாம். பவுடர் போடாதீங்க, பிள்ளை மூச்சுல போகும். மூணு நாள்ல ஆறலன்னா, இல்ல தொடை இடுக்குல நல்லா செவந்து சுத்தி சின்னச் சின்னப் புள்ளியா இருந்தா அது பூஞ்சைக்காளான், டாக்டர்கிட்ட காட்டணும், அப்ப பருத்தித் துணிய ரெண்டு நாளைக்குக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுங்க. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், மெடிக்கல்ல போய் "பிள்ளைக்குப் புண்ணு"ன்னு கேட்டா ஒரு டியூப்பை எடுத்துக் குடுப்பாங்க, அதுல அநேகமா ஸ்டீராய்டு கலந்திருக்கும், ரெண்டு நாள்ல பளிச்சுன்னு ஆறுன மாதிரி இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு திரும்பத் திரும்ப வரும். டயப்பருக்குள்ள மூடி வச்சா மருந்து இன்னும் ஜாஸ்தியா உடம்புல இறங்கும். சீட்டு இல்லாம வாங்காதீங்க.

காசுக் கணக்கு சொல்லாம விட்டா நியாயம் இல்ல. சாதா டயப்பர் ஒண்ணு சுமாரா 10 ரூபான்னு வைங்க, ஒரு நாளைக்கு ஆறுன்னா மாசம் 1800. மூங்கில்னா ஒண்ணு 18 ரூபான்னு வச்சாலும் மாசம் 3240. 2025 செப்டம்பர் 22லேர்ந்து ஜி.எஸ்.டி 12லேர்ந்து 5 சதவீதமா குறைஞ்சதுல கொஞ்சம் விலை இறங்கிருக்கலாம், பெருசா மாறாது. இப்ப நான் சொல்ற மாதிரி பகல்ல துணி, ராத்திரி ஒரு டயப்பர்னா டயப்பருக்கு மாசம் 300, நல்ல தண்ணி தினம் ஒரு குடம் கூடுதலா, குடம் 10 ரூபான்னா 300, கோடையில 15 ஆனா 450, பவுடருக்கு ஒரு 100. ஆக 700லேர்ந்து 850க்குள்ள. பாருங்க, துணி சும்மா கிடைக்குதுன்னு நெனைக்கிறோம், நம்ம ஊர்ல துணிக்கும் தண்ணி ரூபத்துல காசு போகுது. முழுக்கத் துணியில போய் கண்டபடி நல்ல தண்ணியில துவைச்சீங்கன்னா தினம் நாலு குடம், மாசம் 1200, 1800னு சாதா டயப்பர் பக்கத்துலயே வந்து நிக்கும். அதான் அந்தக் கடைசி ரெண்டு அலசலை அவ்வளவு நேரம் சொன்னேன்.

கடைசியா, துவைக்கப்போறது யாரு? இதைக் கேக்காம துணியா டயப்பரான்னு வீட்டுல முடிவு பண்றாங்க, அது எனக்கு எப்பவும் கோவம் வர்ற விஷயம். துணி கட்டு துணி கட்டுன்னு சொல்றவங்க ஒரு தடவை வாளியில கைய வச்சிருக்கணும். ஆபரேஷன் பண்ணி வந்தவளை ஒரு வாரத்துல குனிஞ்சு பிழியவிட்டு, தையல் விலகி திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன வீடு எனக்குத் தெரியும். மீனவங்க வீடுன்னா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல பிறந்த பிள்ளைங்க கொடுத்துவச்சதுங்க, அப்பன் வீட்டுல இருப்பான், தங்கச்சிமடத்துல ஒரு தம்பி ரெண்டு மாசம் அத்தனை துணியும் அவனே அலசிப் போட்டான், வலை பிழிஞ்ச கை, ஒரு சொட்டு ஈரம் நிக்காது. உங்க மாப்பிள்ளை துபாய்ல இருக்காரு, அதனால முதல் 40 நாள் உம்மா வீட்டுல யாரு துவைப்பாங்கன்னு இப்பவே பேசி வைங்க. ஒருத்தரும் இல்லன்னா அந்த 40 நாளைக்கு டயப்பர் கூடுதலா கட்டிக்கோங்க, கூலிக்கு ஆள் வச்சாலும் சரி, மனசு சங்கடப்படாதீங்க, உங்க உடம்பு தேறுறது தான் பிள்ளைக்கு முதல் சுகம். மாப்பிள்ளைகிட்ட சொல்லி தண்ணிக்கும் ஆளுக்கும் மாசம் தனியா ஒரு தொகை அனுப்பச் சொல்லுங்க, அவரு பங்கு அது.

எட்டாம் மாசம்னா இன்னும் நேரம் இருக்கு. வாப்பாவோட, பாட்டன்மாரோட பழைய பருத்திக் கைலி, வெள்ளை வேட்டி, உம்மாவோட நூல் சேலை எது இருந்தாலும் எடுங்க, பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், அது உறிஞ்சாது. ஒரு முழமும் கொஞ்சமுமா சதுரமா 25, 30 துண்டு வேணும், முக்கோணமா மடிச்சு கட்டுறதுக்கு. ஓரத்தை மடிச்சு அடிச்சிருங்க, பிசிறு நூல் தொங்கக்கூடாது, ஏன்னா அந்த நூலு பிள்ளை கால் விரல்ல சுத்தி இறுக்கிக்கிட்டு விரல் நீலமா போனதை நான் ரெண்டு தடவை கத்தரிக்கோல் வச்சு எடுத்திருக்கேன், பிள்ளை காரணமில்லாம வீறிட்டு அழுதா முதல்ல விரலைப் பாருங்க. ஊக்கு குத்தாதீங்க, முடிச்சு போதும். புதுத்துணி வாங்குறதா இருந்தா அதுல கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும், நாலஞ்சு தடவை துவைச்சா தான் உறிஞ்ச ஆரம்பிக்கும், ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, முத்தா உருண்டு நின்னா இன்னும் ஆகல, சட்டுன்னு உள்ள இறங்குனா தயார். வேட்டியோ கைலியோ எதுவா இருந்தாலும் வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நனைச்சுக் காயவச்சு சுருங்க விட்டுட்டு வெட்டுங்க, இல்லன்னா பிள்ளை பிறக்குற நேரத்துக்கு எல்லாம் கைக்குட்டை அளவுல வந்து நிக்கும்.